மஞ்சள் கிளிப்

டாக்டர்,

காலையிலிருந்து வீட்டில் விளக்கெண்ணெய் கருகிக்கொண்டிருக்கிறது. என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பெண் குழந்தை, பிறந்து இருபது நாளாகிறது. பேத்திக்கு மை கூட்ட வேண்டும் என்று என் மனைவி அடுக்களையில் அகலை ஏற்றி, அதன் மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கரி படியப் படிய வீடு முழுக்க அந்த வாசனை. என்னால் உட்கார முடியவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்கு வந்துவிட்டேன். "என்னங்க, புகை ஒத்துக்கலையா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கொள்ளிட மணலில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் உங்கள் ஹெலிகாப்டர் கக்கிய புகையும் இதே வாசனைதான் என்று அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இதை எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்று தெரியவில்லை. சொல்ல வேண்டியதை உங்களிடம் நேரிலேயே சொன்னேன். நீங்கள் நம்பவில்லை. நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. எழுத்தில் எழுதினாலாவது நம்புவீர்களோ என்று ஒரு நப்பாசை. சுத்தப் பைத்தியக்காரத்தனம். இருக்கட்டும்.

நீங்கள் முதல் தடவை என் கடைக்கு வந்தது எழுபதுகள் முடியும் சமயம். தெப்பக்குளத்துப் பக்கம் சந்துக்குள் இருக்கிற ரேடியோ ரிப்பேர் கடைக்கு, ஸ்ரீரங்கத்துக் கண் டாக்டர் அட்டைப்பெட்டி ஒன்றைத் துண்டால் மூடித் தூக்கிக்கொண்டு வந்தால் பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்க்காமல் என்ன செய்வான்? சிங்கப்பூரிலிருந்து உங்கள் மைத்துனர் வாங்கி வந்தது. திறந்தால் உள்ளே ஒரு முழ நீளத்துக்கு மேல் ஒரு ஹெலிகாப்டர். இன்ஜின் உண்டு, மரத்தில் இறக்கை உண்டு, பொம்மை என்று சொல்ல மனசு வராது. "பாய், பேட்டரி போட்டா கையும் காலும் துடிக்கறது. ஆனா சொன்ன பேச்சைக் கேக்கமாட்டேங்கறது. பாக்கறேளா?" என்றீர்கள். ஏதோ நோயாளியைக் கூட்டி வந்த மாதிரி. நான் சிரித்துவிட்டேன். அன்றோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குச் சொந்தமில்லாமல் போயின.

அதைத் தரையிலிருந்து ஒரு முழம் எழுப்புவதற்கே நமக்கு ஒரு வருடம் பிடித்தது. உடைந்த பாகங்களைப் பொன்மலை சேவியர்தான் கடைசல் பிடித்துக் கொடுப்பான். ரயில்வேயில் ஃபிட்டர், வாரம் ஒருமுறை உடைத்துக்கொண்டு போய் நிற்போம். "டாக்டர் சார், நீங்க கண்ணைத் தெறக்குறதுக்குள்ள இது கண்ணை மூடிடுதே" என்பான். எரிபொருளைக் கலப்பது என் வேலை. மெத்தனாலும் விளக்கெண்ணெயும். "சின்ன வயசுல பேதிக்குக் குடுத்து என்னைத் துரத்தின எண்ணெய் பாய் இது. இப்போ ஆகாசத்துல பறக்கறது பாருங்கோ" என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வது போலச் சொல்வீர்கள். நானும் ஒவ்வொரு தடவையும் சிரித்தேன்.

கொள்ளிடத்து மணலில் பறக்கவிடுவதற்கென்று நாமே ஒரு முறை வைத்துக்கொண்டோம். இறக்கை சுற்றினால் மணல் கிளம்பி இன்ஜினுக்குள் போய்விடும். அதனால் யார் வந்தாலும் முதலில் ஊற்றிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் மொண்டு தரையில் கொட்ட வேண்டும். கொட்டாதவன் தொடக் கூடாது. ஈரமணலின் நடுவில் ஒரு நனைத்த கோணிச்சாக்கு. அதிலிருந்துதான் ஏற வேண்டும், அதில்தான் இறங்க வேண்டும்.

பிறகு எனக்கும் பித்துப் பிடித்தது. துபாயிலிருந்த தம்பி எனக்கும் ஒரு ஹெலிகாப்டரும், கீழே நின்று அதை ஓட்டுகிற ரேடியோ செட்டும் அனுப்பினான். பிரித்துப் பார்த்தால் உங்கள் செட்டில் இருப்பது போலவே மஞ்சள் கிரிஸ்டல். எந்த அலைவரிசையில் பேச வேண்டும் என்று தீர்மானிப்பது அந்தக் குட்டிக் கிரிஸ்டல்தான். ஒரே நிறக் கிரிஸ்டல் உள்ள இரண்டு செட்டை ஒரே நேரத்தில் போட்டால் போச்சு. மேலே நிற்கிற ஹெலிகாப்டருக்கு யார் பேச்சைக் கேட்பதென்று தெரியாது, தாறுமாறாகப் புரண்டு விழும். வேறு நிறம் கிடைக்கவில்லை. "பரவாயில்லை பாய். நீங்கோ நிறுத்தினா நான் ஆரம்பிக்கறேன், நான் நிறுத்தினா நீங்கோ. சண்டை போடாத பங்காளி மாதிரி இருந்துடலாம்" என்றீர்கள். அப்படித்தான் இருந்தோம்.

உங்கள் கையைப் பற்றி நீங்கள் சொன்னது அந்தக் காலத்தில்தான். சேவியர் சைக்கிளில் கிளம்பிப் போன பிறகு, மணலில் உட்கார்ந்து வலது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். "எப்பவாவது ஒரு க்ஷணம் துடிக்கறது. ஆத்துல யார்கிட்டயும் சொல்லலை" என்றீர்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விரல் நன்றாகத்தான் இருந்தது. "ஆபரேஷன்ல கை தப்பினா ஒருத்தரோட கண்ணு போயிடும் பாய். இங்கே தப்பினா ஒரு மரக்கட்டை போகும். அதான் வாராவாரம் இங்கே பாத்துக்கறேன்." எட்டு நிமிடத்துக்கு ஒரு டாங்கி எண்ணெய். அது தீரும்வரை கண் உயரத்தில் சாக்குக்கு நேர் மேலே ஹெலிகாப்டரை அசையாமல் நிறுத்துவீர்கள். ஊரில் மற்றவனெல்லாம் வட்டமடிக்க ஆசைப்பட, நீங்கள் மட்டும் ஏன் ஒரே இடத்தில் நிறுத்திக்கொண்டு நிற்கிறீர்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. "என்னிக்குச் சாக்கை விட்டு நகர்றதோ, அன்னிக்குக் கத்தியைக் கீழே வெச்சுடுவேன். பெருமாள் சாட்சி" என்றீர்கள். விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். அந்த விஷயத்தில் நீங்கள் விளையாடுகிற ஆள் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும் எனக்கு.

அதற்கப்புறம் அந்த மாசி மாதச் சனி ஞாயிறு. தெற்கே ராஜகோபுரத்துக்குச் சாரம் ஏறிக்கொண்டிருந்த வருடங்கள். பெங்களூரிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு பேர் பெட்டி படுக்கையோடு ஹெலிகாப்டரைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். எல்லாம் உங்கள் கடிதத்தைப் பார்த்து வந்தவர்கள். மணலில் இரண்டு பந்தல். ஒன்றில் உங்கள் வீட்டுத் தயிர்சாதம், இன்னொன்றில் என் வீட்டுப் பிரியாணி. சேவியர் கூச்சமே இல்லாமல் இரண்டு பந்தலிலும் சாப்பிட்டான். இத்தனை செட்டு ஒரு இடத்தில் கூடினால் அலைவரிசை குழம்புமே என்று நீங்கள் ஒரு பலகை செய்தீர்கள். பலகையில் வரிசையாகத் துணி காயப்போடும் மரக் கிளிப்புகள், கிரிஸ்டலுக்கு ஒரு நிறமாகப் பெயின்ட் அடித்து. ஒரு நிறத்துக்கு ஒரே கிளிப். அதை எடுத்துச் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டவன்தான் செட்டைப் போடலாம். மற்றவன் காத்திருக்க வேண்டும். "பலகை பாயோட பொறுப்பு. கிளிப் இல்லாம எவனாவது ஸ்விட்சைத் தொட்டா கொள்ளிடத்துல முக்கிடுவேன், தண்ணி இல்லேன்னாலும் முக்கிடுவேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் மாப்பிள்ளை மாதிரி பலகைக்குப் பக்கத்தில் நின்றேன்.

சனிக்கிழமை ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலை உங்கள் முறை. என்னிடம் வந்து மஞ்சள் கிளிப்பை வாங்கிக் காலரில் மாட்டிக்கொண்டு, "நாளைக்கு மூணு கண்ணு இருக்கு பாய்" என்று மெதுவாகச் சொன்னீர்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது வேடிக்கை. நமக்கு மட்டும் பரீட்சை என்று தெரியும். ஹெலிகாப்டர் சாக்கிலிருந்து எழுந்து நின்றது. எழுந்ததா, நின்றதா என்று தெரியாமல் நின்றது. அப்படி நீங்கள் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. பெங்களூர்க்காரர்கள் பந்தலிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்கள்.

நான் பலகைக்குப் பின்னால் பந்தலில் உட்கார்ந்திருந்தேன். வேடிக்கை பார்க்க வந்த ஒருவர், யாரோ ஒருவருடைய மச்சான், என் செட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏரியலை இழுத்தார். "இந்த முள்ளு எதுக்குங்க?" என்று நீட்டினார். டாக்டர், என் கடையில் ஒரு நாளைக்கு முப்பது செட்டு என் கைக்கு வரும். எந்தச் செட்டு கைக்கு வந்தாலும் முதலில் ஸ்விட்சைத் தட்டிப் பார்ப்பேன். உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். அது புத்தி செய்கிற வேலை இல்லை, விரல் செய்கிற வேலை. தட்டினேன். முள் ஏறியது. "இதோ, பவர் காட்டும்" என்று சொன்னேன். அவ்வளவுதான். அதற்குள் உங்கள் இன்ஜின் சத்தம் மாறிவிட்டது.

அணைத்துவிட்டேன். ஏரியலை அமுக்கிவிட்டேன். இரண்டு விநாடிகூட இருக்காது. ஆனால் ஹெலிகாப்டர் வாலைச் சுழற்றிக்கொண்டு சாக்கை விட்டு நகர்ந்து, சாய்ந்து, இறக்கை மணலில் அடித்துச் சிதறியது. ஒரு துண்டு பந்தல் கம்பில் வந்து குத்தி நின்றது. எல்லோரும் ஹெலிகாப்டரைப் பார்த்து ஓடினார்கள். நீங்கள் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று உங்கள் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயில் என்ன, கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? பலகைக்குப் பொறுப்பானவனே இதைச் செய்தான் என்று அத்தனை வெளியூர்க்காரர்களுக்கு முன்னால் சொல்ல நா எழவில்லை. அந்த மச்சானுக்கு நான் செய்தது என்னவென்றே தெரியாது. தெரிந்தது எனக்கு மட்டும். நீங்கள் நேராக என்னிடம் வந்தீர்கள். காலரிலிருந்த மஞ்சள் கிளிப்பை எடுத்து, உங்கள் கையாலேயே என் காலரில் மாட்டினீர்கள். "உங்க முறை பாய்" என்றீர்கள். நான் அன்று பறக்கவிடவில்லை. அதற்குப் பிறகும் பறக்கவிடவில்லை.

திங்கட்கிழமை கடை திறக்கும்போதே வாசலில் நின்றிருந்தீர்கள். நொறுங்கினதிலிருந்து, செட்டின் பேச்சைக் கேட்கிற ரிசீவரை மட்டும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தீர்கள். "இதைப் பாருங்கோ பாய். நன்னாப் பாத்துச் சொல்லுங்கோ. எங்கேயாவது பத்த வெச்சது விட்டிருக்கும், இல்லையா?" என்றீர்கள். அந்தக் குரலை நான் என்ன செய்வேன்? மூன்று ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருந்தீர்கள். ஸ்டூலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தீர்கள். மீட்டரை வைத்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன். நன்றாக இருக்கும் என்று தெரிந்துகொண்டே பார்த்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்கும் தைரியமில்லை என்றால், "ஆமாம் டாக்டர், ஒரு கம்பி விட்டிருக்கு" என்று ஒரு பொய்யையாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் உங்கள் கையைக் காப்பாற்றியிருக்கும். இரண்டையும் சொல்லவில்லை நான். "ரிசீவர் நல்லா இருக்கு டாக்டர்" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே அயோக்கியத்தனமான உண்மை அதுதான்.

"அப்போ சரி" என்றீர்கள். கைக்குட்டையை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தீர்கள். அந்த வாரமே ஆபரேஷன் அறையைப் பூட்டினீர்கள். ஒரு வாரம் போனால் மனசு மாறும், தேற்றிக்கொள்வார் என்று இருந்தேன். ஒரு மாதமானது. பிறகு சொன்னால் ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பீர்களே என்று பயந்தேன். ஒரு வருடமானது. சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும் மறுநாள் சொல்வதை இன்னும் கடினமாக்கியது. நீங்கள் கண்ணாடிக்கு எழுதிக் கொடுக்கிற டாக்டர் ஆகிவிட்டீர்கள்.

ஹெலிகாப்டர் விழுந்ததற்கு அடுத்த வாரப் புதன்கிழமை என் அம்மாவுக்கு உங்களிடம் கண்புரை ஆபரேஷன் செய்வதாக இருந்தது. நினைவிருக்கிறதா? நீங்களே என் வீட்டுக்கு வந்து அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "என்னை மன்னிச்சுக்கோங்கோம்மா. என் கை சரியில்லை. வேற இடத்துக்கு எழுதித் தரேன்" என்றீர்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது! அம்மா வேறு யாரிடமும் போகமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். "அந்த டாக்டரு கை வச்சாத்தான் என் கண்ணு தெரியும். அவருக்குக் கை நல்லாவுற வரைக்கும் இருக்கேன்" என்றாள். ஒவ்வொரு தொழுகையிலும் உங்கள் கைக்காக துஆ கேட்டாள். என் முகம் புகையாகத் தெரியத் தெரிய, அப்படியே ஒரு நாள் கண்ணை மூடி மவுத்தானாள். அவளிடமும் நான் சொல்லவில்லை.

நான்கு வருடம் ஓடிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் இமாம் பேசினார். படைத்தவனுக்குச் செய்த குற்றத்தைப் படைத்தவன் பொறுத்துக்கொள்வான், ஒரு மனிதனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதன் பொறுத்தால்தான் உண்டு, அவன் போய்ச் சேர்ந்துவிட்டால் பிறகு யாரிடம் கேட்பீர்கள் என்றார். எத்தனையோ தடவை கேட்டதுதான். அன்றைக்கு வேர்த்துவிட்டது. பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை, நேராக ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன்.

ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். "வாங்கோ பாய், வாங்கோ! வழி தெரிஞ்சுதா?" என்று எழுந்து வந்தீர்கள். உங்கள் வீட்டு மாமி காபி கொண்டுவந்து வைத்தார். நுரை ததும்பத் ததும்ப இருந்த டம்ளரை நீங்கள் எடுத்து, டவராவில் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஆற்றி என்னிடம் நீட்டினீர்கள். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. நான்கு வருடத்துக்குப் பிறகும் நூல் பிடித்த மாதிரி இருந்தது உங்கள் கை. ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். மச்சான், ஏரியல், முள், இரண்டு விநாடி, ரிசீவர், எல்லாவற்றையும். "நான்தான் டாக்டர். உங்க கையில ஒண்ணுமில்ல. என்னைப் பொறுத்துக்கங்க" என்று காலைப் பிடிக்கக் குனிந்தேன்.

நீங்கள் என் தோளைப் பிடித்து நிறுத்தினீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. கோபப்படப் போகிறீர்கள் என்று நினைத்தேன். அடிப்பீர்கள் என்று ஆசைப்பட்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"ஏன் பாய், நாலு வருஷம் கழிச்சு என்னைத் தேத்தணும்னு தோணித்தாக்கும்? சேவியர் சொல்லி அனுப்பிச்சானா?"

"இல்ல டாக்டர், நெசமாத்தான் சொல்றேன்."

"பலகையைப் பாத்துண்டது யாரு? நீங்கோதானே? கிளிப் என் காலர்ல இருந்தது. லோகத்துல யார் ஸ்விட்சைப் போட்டாலும் நீங்கோ போடமாட்டேள். அது எனக்குத் தெரியாதா? அன்னிக்கு ரிசீவர் நன்னா இருக்குன்னு என் மூஞ்சிக்கு நேரே சொன்ன மனுஷர் நீங்கோ. வேற எவனா இருந்தாலும் மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்லியிருப்பான். உங்களுக்கு ரேடியோ விஷயத்துல பொய் வராது."

"அல்லாஹ் மேல சத்தியமா—"

என்னை முடிக்க விடவில்லை. உங்கள் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினீர்கள். "வேண்டாம் பாய். எனக்காக அவன் பேர்ல பொய்ச் சத்தியம் பண்ணாதீங்கோ. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்" என்றீர்கள். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஆனா ஒண்ணு. இப்படி ஒரு பொய் சொல்லி என்னைத் தேத்தறதுக்கு ஒருத்தர் இருக்காரே, அது போறும் எனக்கு. ரொம்ப நன்றி பாய்" என்றீர்கள்.

வாசல்வரை வந்து வழியனுப்பினீர்கள். மறுபடியும் வருவேன், அந்த மச்சானைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து சொல்ல வைப்பேன் என்று பஸ்ஸில் மனசுக்குள் கறுவிக்கொண்டேன். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. பெங்களூருக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் வருவதற்கு முன்னால் சேவியர் கடைக்கு வந்து நின்றான். சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை. "டாக்டர் சாருக்கு நெஞ்சு வலியாம் பாய். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே..." என்றான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கொள்ளிடக்கரைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். வாளியும் கையுமாக நாம் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரம். சேவியர் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. தண்ணீர் ஊற்றாத மணல் காற்றில் பறந்து கண்ணை அறுத்தது. இனி யாரிடம் போய் நான் நிரூபிப்பது என்று அதே யோசனை. உங்கள் கை எரிந்துகொண்டிருக்கும்போதும் அதைப் பற்றித்தான் யோசித்தேன். என்ன ஜென்மம் நான்!

இப்போதெல்லாம் கடையில் யார் செட்டை நீட்டினாலும் என் விரல் ஸ்விட்சுக்குப் போவதில்லை. "நீங்களே போடுங்க" என்கிறேன். ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். மஞ்சள் கிளிப் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்துக்கொள்கிறேன். பெயின்ட் உதிர்ந்து பாதி மரமாகிவிட்டது. அது எதற்கு என்று மனைவி ஒருமுறை கேட்டாள். டாக்டர் கொடுத்தது என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

உள்ளே கூப்பிடுகிறாள். மை ஆறிவிட்டதாம். குழந்தையின் தலை அசையாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். நான் போக வேண்டும்.

டாக்டர், உங்கள் கை நடுங்கவே இல்லை. அன்றைக்கு நீங்கள் நிறுத்தின மாதிரி யாரும் நிறுத்தியதில்லை. ஸ்விட்சைப் போட்டவன் நான். இதை நம்புங்கள். நம்பிவிட்டு என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை. அந்த நன்றியை மட்டும் எப்படியாவது திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். என்னால் அதை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.